புதுநகரம் பக்கம் எங்க மஹல்லா ஆபீஸ்ல தங்கச்சி நிகாஹ்: வலி (பொண்ணுக்காக நிகாஹ் பண்ணிக் குடுக்கற காப்பாளர்) விஷயத்தை எப்படி பாத்துக்கிட்டாங்கன்னு ஒரு ரிவ்யூ

பாலக்காடு பொள்ளாச்சி லைன்ல புதுநகரம், கொடுவாயூர், கொல்லங்கோடு பக்கம் இருக்கற ராவுத்தர் குடும்பங்களுக்குத்தான் முக்கியமா இதை எழுதறேன். கல்யாணம் முடிஞ்சா எல்லாரும் மண்டபத்துக்கு ரிவ்யூ போடறாங்க, பிரியாணிக்கு போடறாங்க, மேக்கப் போட்ட அக்காவுக்கு அஞ்சு ஸ்டார் போடறாங்க, ஆனா நிகாஹை நடத்திக் குடுத்த மஹல்லா ஆபீஸ், அதாவது பள்ளிவாசல் ஜமாஅத் ஆபீஸ், எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் எழுதறதில்ல. அந்த அரை மணி நேரம்தான் கல்யாணமே, மத்ததெல்லாம் விருந்து. எங்க மஹல்லா பேரை இங்க போடல, குறையும் சொல்லப் போறேன், சின்ன ஊரு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

மொதல்ல எங்க வீட்டு நெலம என்னன்னு சொல்லிடறேன், இல்லன்னா புரியாது. நான் அக்கா. தங்கச்சிக்கு 24 வயசு, லேப்ல வேலை பாக்கறா. அத்தா (அப்பா) மவுத்தாகி பல வருஷம் ஆச்சு, அத்தாவோட அத்தாவும் இல்ல. எங்களை படிக்க வெச்சது, பீஸ் கட்டினது, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினது எல்லாம் அம்மா கூடப்பொறந்த மாமு. ஆனைமலைல சின்னத்தா (அத்தாவோட தம்பி) இருக்கார், பெருநாளைக்கு வருவார் போவார். தம்பி ஒருத்தன், 22 வயசு, ஷார்ஜால வேலை, லீவு கெடைக்கல. மாப்பிள்ளை வீடு மண்ணார்க்காடு பக்கம், மலையாளம் பேசற மாப்பிளா குடும்பம், ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). நாங்க வீட்டுல தமிழ், மத்ஹப் ஹனஃபி. இப்ப சொல்லுங்க, பொண்ணுக்கு வலி யாரு? மாமுவா, சின்னத்தாவா, தம்பியா? இந்த கேள்விலதான் நெறைய கல்யாணத்துல மண்டப வாசல்லயே சண்டை வருது.

மாப்பிள்ளை வீட்டுல ஒரு ஈவென்ட் பார்ட்டி நம்பர் குடுத்தாங்க, நிகாஹ் பேக்கேஜ்னு எல்லாம் சேத்து பண்றாங்க, ஸ்டேஜ், பூ, டிரோன், அதுக்குள்ளயே உஸ்தாத் (நிகாஹ் நடத்தற மார்க்க ஆசிரியர்), சாட்சி, பேப்பர் வேலையும் அடக்கம். நான்தான் பேசினேன். வலின்னு யார் பேரு போடட்டும்னு கேட்டாங்க, பேனர்ல என்ன பேரு போடணும்னு கேக்கற மாதிரியே. அவரு பொண்ணுக்கு என்ன உறவு, அத்தா இருக்காரா, வேற யாரு இருக்கா, எதுவும் கேக்கல. பொண்ணுகிட்ட யார் சம்மதம் கேப்பாங்கன்னு நான் கேட்டதுக்கு அதெல்லாம் ஃபேமிலி பாத்துக்குங்கன்னுட்டாங்க. அதோட வெச்சுட்டேன். டிரோன் இல்லாம கல்யாணம் நடக்கும், ஆனா வலி இல்லாத நிகாஹ் செல்லாதுன்னு மாப்பிள்ளை வீட்டு மத்ஹப்ல சட்டமா இருக்கறப்ப அதை இப்படி போற போக்குல கேக்கறவங்ககிட்ட நம்ம வீட்டு பொண்ணை எப்படி ஒப்படைக்கறது?

அப்புறம்தான் எங்க மஹல்லா ஆபீஸுக்கே போனோம். இங்க நடந்ததை கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

செகரட்டரி பாய் ஒரு ஃபாரம் குடுத்தார். அதுல வலி பேருக்கு பக்கத்துல "உறவு" ன்னு ஒரு கட்டம், அதுக்கு கீழ "இவருக்கு முந்தின வலி இல்லாத காரணம்" ன்னு இன்னொரு கட்டம். இந்த ரெண்டாவது கட்டத்தை பாத்ததுமே எனக்கு மனசு நெறஞ்சுது. ஏன்னா வலிங்கறது மரியாதைக்கு யாரையாவது உக்கார வெக்கற சீட் இல்ல, அதுக்கு ஒரு வரிசை இருக்கு. ஷாஃபில மொதல்ல அத்தா, அப்புறம் அத்தாவோட அத்தா, அப்புறம் அத்தா அம்மா ரெண்டும் ஒண்ணான சகோதரன், அப்புறம் அத்தா மட்டும் ஒண்ணான சகோதரன், அவங்க ஆம்பள பசங்க, அதுக்கு அப்புறம்தான் சின்னத்தா பெரியத்தா எல்லாம். யாருமே இல்லன்னா காஜி (மார்க்க நீதிபதி). அம்மா வழி மாமு இந்த வரிசைலயே வர மாட்டார், வளத்த அப்பா, அம்மாவோட ரெண்டாவது புருஷன் இவங்களும் வர மாட்டாங்க, எவ்வளவு பாசமா வளத்திருந்தாலும் சரி.

எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் (மார்க்கம் படிச்ச பெரியவர்) மாமுவையும் சின்னத்தாவையும் ஒண்ணா உக்கார வெச்சு இதை சொன்னார். சின்னத்தாவுக்கு முகம் மாறிடுச்சு. "அண்ணன் போனதுக்கு அப்புறம் நான்தானே பெரியவன், நேத்து மீசை மொளச்ச பையன் வலியா ஹஜ்ரத்?" ன்னு கேட்டார். ஹஜ்ரத் கோவப்படவே இல்ல. "வயசுக்கு வந்த, புத்தி தெளிவா இருக்கற தம்பி இருக்கான் பாய், அவனைத் தாண்டி உங்ககிட்ட வர எனக்கு அதிகாரம் இல்ல, நான் வர்றேன்னு சொன்னாலும் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டு உஸ்தாத் ஒத்துக்க மாட்டார்" ன்னார். மாமு ஒண்ணுமே பேசல, தலைய மட்டும் ஆட்டினார். எனக்கு அவரை பாக்கவே கஷ்டமா இருந்துச்சு, இவ்வளவு செஞ்ச மனுஷனுக்கு அந்த பேப்பர்ல ஒரு எடம் இல்லையேன்னு. அப்பதான் ஹஜ்ரத் சொன்னார், வலி ஆக முடியாதவரு வகீல் ஆகலாம், தம்பி யாரை கை காட்டறானோ அவரு அவன் எடத்துல உக்காந்து நிகாஹ் பண்ணி வெக்கலாம்னு. தம்பிகிட்ட கேட்டா ஒரு செகண்ட் கூட யோசிக்கல, மாமுதான்னுட்டான்.

ஹனஃபி ஷாஃபி வித்தியாசத்தை அவங்க எடுத்துக்கிட்ட விதத்துக்கே தனியா ஒரு ஸ்டார் குடுக்கலாம். நம்ம எல்லைப் பகுதில இது சின்ன விஷயம் இல்ல, 1956ல மாநிலம் பிரிஞ்சப்ப கோடு ஒரு பக்கம் போச்சு, குடும்பங்க ரெண்டு பக்கமும் இருக்கு, பொண்ணு குடுக்கறதும் எடுக்கறதும் மத்ஹப் தாண்டி நடக்குது. இமாம் அபூஹனீஃபா கருத்துப்படி வயசுக்கு வந்த, புத்தியுள்ள பொண்ணு தன் நிகாஹை தானே பண்ணிக்கலாம், செல்லும், வலி இருக்கறது நல்லது, பொருத்தம் இல்லாத எடத்துக்கு போனாலோ அந்த குடும்பத்து வழக்கமான மஹரை (மாப்பிள்ளை பொண்ணுக்கு குடுக்கற கொடை) விட ரொம்ப கொறஞ்சாலோ வலி ஆட்சேபம் சொல்லலாம். ஷாஃபில அப்படி இல்ல, அபூமூஸா அல்அஷ்அரி அறிவிக்கற "வலி இல்லாமல் நிகாஹ் இல்லை" ங்கற ஹதீஸ் (நபிமொழி) அபூதாவூது, திர்மிதிங்கற ஹதீஸ் தொகுப்பு ரெண்டுலயும் இருக்கு, அதை வெச்சு வலி சொன்னாத்தான் ஒப்பந்தமே கூடும்ங்கறாங்க. சில எடத்துல இதை வெச்சே எங்க ஹனஃபி ஆளுங்களை கேலி பேசுவாங்க, சில எடத்துல நம்மாளுங்க அவங்களை கேலி பேசுவாங்க. இங்க ஹஜ்ரத் மண்ணார்க்காடு உஸ்தாத்துக்கு அவரே ஃபோன் போட்டு பேசி, ரெண்டு மத்ஹப்லயும் சந்தேகம் வராத மாதிரி பண்ணிடலாம்னு முடிவு பண்ணிட்டார்: தம்பி வலி, மாமு வகீல், ரெண்டு ஆம்பள சாட்சி, பொண்ணோட வாய் வார்த்தை சம்மதம் எழுத்துல. ஹனஃபில ஒரு ஆம்பள ரெண்டு பொம்பள சாட்சியும் போதும், ஆனா ஷாஃபில ஆகாது, அதனால ரெண்டு ஆம்பள.

பக்கத்து வீட்டு அக்கா விதவை, மறுமணம் பேசறாங்க, அவங்களும் எங்க கூட வந்திருந்தாங்க, அவங்க கேட்ட கேள்விக்கும் அப்பவே பதில் கெடச்சுது. அவங்க மகனுக்கு 20 வயசு. ஹனஃபில மகன்தான் வலி வரிசைல மொத ஆளு, ஷாஃபில மகன்ங்கற காரணத்துக்காக வலி ஆக முடியாது, அவங்க அண்ணன்தான் வரணும். மாப்பிள்ளை எந்த மத்ஹப்னு மொதல்லயே சொல்லுங்கன்னு ஹஜ்ரத் சொல்லி அனுப்பினார். இதெல்லாம் யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல, நிகாஹ் அன்னிக்கு பந்தல்ல வெச்சு கண்டுபிடிச்சு அழுவாங்க.

இப்ப நான் ரொம்ப மதிக்கற விஷயம். வலி யாருன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே பொண்ணு என்ன சொல்றான்னு கேட்டுட்டாங்க. நிகாஹுக்கு ஒரு வாரம் முன்னாடி ஹஜ்ரத் அவங்க வீட்டம்மாவோட எங்க வீட்டுக்கு வந்தார். அந்தம்மா தங்கச்சியை உள் ரூமுக்கு கூட்டிட்டு போய் கதவை சாத்திக்கிட்டாங்க, அம்மாவையே வெளிய இருக்க சொல்லிட்டாங்க. என்ன கேட்டாங்கன்னு தங்கச்சி அப்புறம் சொன்னா: பையனை பாத்தியா, பேசினியா, யாராச்சும் பயமுறுத்தினாங்களா, மஹர் எவ்வளவுன்னு தெரியுமா, கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு போறது பத்தி பேசிட்டீங்களா, வேற ஏதாச்சும் நிபந்தனை எழுதணுமா. வேலைக்கு போறதை மட்டும் எழுதி வெக்கணும்னு இவ சொல்லியிருக்கா, அதை அவங்க மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லி, ஒத்துக்கிட்டு, தஃப்தர்ல (நிகாஹ் பதிவேடு) ஓரத்துல எழுதியும் வெச்சுட்டாங்க.

வெளிய திண்ணைல நன்னி (பாட்டி), "பொண்ணு பேசாம இருந்தா அதுவே சம்மதம்தானே ஹஜ்ரத், ஹதீஸ்லயே இருக்குல்ல" ன்னு கேட்டாங்க. இருக்குதான், முஸ்லிம்ங்கற ஹதீஸ் தொகுப்புல வருது, கன்னிப் பொண்ணோட மௌனம் அவ அனுமதின்னு. ஹஜ்ரத் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு: "வெக்கப்படற புள்ளைக்கு அது சலுகை நன்னிம்மா. நம்ம அவ வாயை மூடிட்டு அதை சம்மதம்னு எழுதறதுக்கு இல்ல. எனக்கு அவ சொல்றது கேக்கணும்." அதுக்கு அப்புறம் ரெண்டு சம்பவம் சொன்னார். கன்ஸா பின்த் கிதாம்னு ஒரு அம்மா, ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்தவங்க, அவங்க அத்தா அவங்களுக்கு பிடிக்காத எடத்துல முடிச்சு வெச்சுட்டார், நபி ஸல் அவங்ககிட்ட போய் சொன்னதும் அந்த நிகாஹையே ரத்து பண்ணிட்டாங்க, இது புகாரி ஹதீஸ் தொகுப்புல இருக்கு. இன்னொண்ணு இப்னு அப்பாஸ் அறிவிக்கறது, ஒரு கன்னிப் பொண்ணு வந்து அத்தா எனக்கு விருப்பம் இல்லாம முடிச்சுட்டார்னு சொன்னதும், இருக்கறதா வேணாமான்னு முடிவு பண்ற உரிமைய அவகிட்டயே குடுத்துட்டாங்க, அபூதாவூதுல இருக்கு. நன்னி கேட்டுட்டு, "எங்க காலத்துல எங்களை யாருப்பா கேட்டா" ன்னாங்க. அவங்களுக்கு 14 வயசுல கல்யாணம்.

கன்னிப் பொண்ணை அத்தாவும் அத்தாவோட அத்தாவும் கேக்காமலே முடிக்கலாம்னு ஷாஃபி கிதாபுகள்ல ஒரு அதிகாரம் எழுதியிருக்கு, அதுக்கே பகை இருக்கக் கூடாது, பொருத்தமான எடமா இருக்கணும்னு நிபந்தனை போட்டு வெச்சிருக்காங்க, பொண்ணைக் கேக்கறதுதான் நல்லதுன்னும் சொல்லியிருக்காங்க. நிபந்தனைய விட்டுட்டு அதிகாரத்தை மட்டும் புடிச்சுக்கறவங்களை நான் நெறைய பாத்திருக்கேன். ஹனஃபில வயசுக்கு வந்ததோட அந்த அதிகாரம் முடிஞ்சுது. எங்க ஆபீஸ்ல எந்த மத்ஹப் பொண்ணா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் எழுதறாங்க, அதுக்குத்தான் நான் இவங்களை வேற யாருக்கும் சிபாரிசு பண்றேன்.

வலி வேணும்னே முடியாதுன்னு மறுத்தா என்ன பண்றதுன்னும் கேட்டு வெச்சேன், ஏன்னா சின்னத்தா மூடு சரியில்ல. நியாயமான காரணம் இல்லாம தடுத்தா காஜி அந்த எடத்துக்கு வரலாமாம். மஅகில் இப்னு யஸார்ங்கற சஹாபியோட (நபித்தோழர்) தங்கச்சி தலாக் ஆகி, இத்தா (மறுமணத்துக்கு முன்னாடி காத்திருக்கற காலம்) முடிஞ்சு, பழைய புருஷனும் அவங்களும் திரும்ப சேர ஆசைப்பட்டப்ப அண்ணன் விட மாட்டேன்னுட்டார், அப்ப எறங்கினதுதான் குர்ஆன்ல 2:232 வசனம், அவங்களை தடுக்காதீங்கன்னு. உடனே அவரு சேத்து வெச்சுட்டார். நாட்டு சட்டத்துலயும் வயசுக்கு வந்த பொண்ணு விஷயம் தெளிவா இருக்கு. 2017ல கேரள ஹைகோர்ட் ஒரு பொண்ணோட நிகாஹை, பெத்தவங்க பங்கு இல்லாம நடந்துச்சுன்னு சொல்லி ரத்து பண்ணுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட் ஷஃபின் ஜஹான் வழக்குல அதை தள்ளிட்டு, யாரை கட்டறதுங்கறது அவ முடிவுன்னு சொல்லிடுச்சு. செகரட்டரி பாய்க்கு இதெல்லாம் தெரிஞ்சிருந்தது, அது எனக்கு ஆச்சரியம்.

வயசு விஷயத்துலயும் கறார். ஆதார் மட்டும் போதாதுன்னு எஸ்எஸ்எல்சி புக் கேட்டு வாங்கி பாத்தாங்க. வலி சம்மதிச்சாலும் பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடியாம தஃப்தரை தொறக்கவே மாட்டாங்க. 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் மதம் பாக்காம எல்லாருக்கும் பொருந்தும்னு 2024ல ஹைகோர்ட் சொன்னதை ப்ரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டியே வெச்சிருக்காங்க.

தம்பி விஷயம். வீடியோ கால்ல அவனே நேரா நிகாஹ் சொல்லிடட்டுமேன்னு ஒருத்தர் கேட்டார், ஹஜ்ரத் ஒத்துக்கல. சொல்றவரும் ஏத்துக்கறவரும் சாட்சியும் ஒரே மஜ்லிஸ்ல (சபைல) இருக்கணும், ஜித்தால இருக்கற ஃபிக்ஹ் (இஸ்லாமிய சட்ட) அகாடமி 1990லயே ஃபோன் மாதிரி சாதனத்துல மத்த ஒப்பந்தம் ஆகும், நிகாஹுக்கு சாட்சி வேணும்ங்கறதால அது ஆகாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா வகீல் ஆக்கறதை ஃபோன்ல பண்ணலாம். அப்படியே பண்ணாங்க. ஆபீஸ் மேஜைல ஃபோனை தஃப்தர் மேல சாச்சு வெச்சு, தம்பி முகம் தெரியுது, பின்னாடி அவன் ரூம்ல பங்க் பெட், எவனோ ஒருத்தன் துணி காயப்போடறான். ஹஜ்ரத் சொல்லிக் குடுக்க குடுக்க அவன் சொல்றான், என் கூடப்பொறந்த இன்ன பேரு உள்ளவளை, இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு நிகாஹ் பண்ணிக் குடுக்க எங்க மாமுவை வகீலா ஆக்கறேன்னு. "எங்க மாமு" ங்கற எடத்துல குரல் ஒடஞ்சுடுச்சு. ஹஜ்ரத் அவசரப்படுத்தல, தண்ணி குடிச்சுட்டு மறுபடி சொல்லு தம்பின்னார். மறுபடி மொதல்ல இருந்து முழுசா சொன்னான். அவன் கையெழுத்து போட்ட லெட்டரும் ஸ்கேன் வாங்கி தஃப்தரோட பின் பண்ணிட்டாங்க.

நிகாஹ் அன்னிக்கு மாமுவும் ரெண்டு சாட்சியும் உள்ள வந்து முறையா கேட்டாங்க, தங்கச்சி சத்தமாவே சம்மதம்னா, தஃப்தர்ல அவ கையெழுத்து வாங்கினதுக்கு அப்புறம்தான் வெளிய மாப்பிள்ளை கையைப் புடிச்சாங்க. சின்னத்தா ஒரு சாட்சி. முகத்தை தூக்கி வெச்சுக்கிட்டுதான் வந்தார், ஆனா வந்தார், கையெழுத்தும் போட்டார். மஹர் அஞ்சு பவன், அதை ஸ்டேஜ்ல மாமு கைலயோ அம்மா கைலயோ குடுக்காம நேரா தங்கச்சி கைல குடுக்க வெச்சாங்க, பொண்ணுங்களுக்கு மஹரை மனமுவந்து குடுங்கன்னு 4:4 வசனம் பொண்ணுகிட்டதானே குடுக்கச் சொல்லுது, வலிக்கு அதுல ஒரு குந்துமணி பங்கு கெடையாது. வாங்கிக்கிட்டேன்னு ஒரு தனி கட்டத்துல அவளே எழுதினா.

குறைக்கு வர்றேன். ஆபீஸ்ல பொம்பளைங்க உக்கார எடமே இல்ல. நானும் அம்மாவும் வராந்தால நின்னுக்கிட்டே ஜன்னல் வழியா பேசினோம், வெயில் வேற. பொண்ணோட சம்மதத்துக்கு இவ்வளவு மதிப்பு குடுக்கற எடத்துல பொண்ணு வந்து உக்கார ஒரு பெஞ்ச் போட்டா என்ன? 2022ல கோழிக்கோடு பக்கம் ஒரு பொண்ணு பள்ளிவாசல்லயே தன்னோட நிகாஹுக்கு உக்காந்தது எவ்வளவு பேச்சாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கெல்லாம் நான் போகல, ஃபாரம் குடுக்க வர்றவங்களுக்கு நாற்காலி கேக்கறேன், அவ்வளவுதான். ரெண்டாவது, தஃப்தர் முழுக்க மலையாளம். தங்கச்சி மலையாள மீடியம், படிச்சுட்டுதான் கையெழுத்து போட்டா, அம்மாவுக்கும் நன்னிக்கும் தமிழ் மட்டும்தான் தெரியும். பாதி மஹல்லா தமிழ் பேசறப்ப ஒரு தமிழ் ஃபாரம் அடிச்சு வெக்கறது பெரிய செலவு இல்ல. மூணாவது, நிகாஹ் சர்டிபிகேட் காப்பி ஒண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு தானா போயிடுது, பொண்ணுக்கு கேட்டாத்தான் தர்றாங்க. கண்டிப்பா கேட்டு வாங்குங்க, வெக்கப்படாதீங்க. மாப்பிள்ளை ஊர் மஹல்லாவுல இருந்து லெட்டர் வர லேட் ஆனதுக்கு இவங்களை சொல்ல முடியாது, ஆனா ஒரு ஃபோன் போட்டு சொல்லியிருக்கலாம். அஞ்சுக்கு நாலு குடுக்கறேன், அந்த ஒண்ணு பெஞ்சுக்கும் தமிழ் ஃபாரத்துக்கும்.

போறவங்க எடுத்துட்டு போக வேண்டியது: பொண்ணு பையன் ரெண்டு பேரோட எஸ்எஸ்எல்சி புக், ஆதார், போட்டோ, அத்தா இல்லன்னா மரண சர்டிபிகேட், மறுமணம்னா தலாக் பேப்பரோ முந்தின புருஷனோட மரண சர்டிபிகேட்டோ. மஹல்லா தஃப்தரோட நிறுத்திடாதீங்க, அரசாங்க பதிவு தனி. நிகாஹ் எந்தப் பக்கம் நடக்குதோ அந்தப் பக்கத்து சட்டம்தான்: கேரளான்னா 2008 விதிப்படி 45 நாளுக்குள்ள பஞ்சாயத்து இல்ல முனிசிபாலிட்டில, கோவிந்தாபுரம் தாண்டி பொள்ளாச்சி ஆனைமலைல மண்டபம் புடிச்சா 2009 தமிழ்நாடு சட்டப்படி 90 நாளுக்குள்ள சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல. வலி கல்ஃப்ல இருந்தா அவரோட பாஸ்போர்ட் காப்பி, கையெழுத்து போட்ட வகாலத் லெட்டர், அவரு குரலும் முகமும் தெரிஞ்ச ரெண்டு பேரு, இதெல்லாம் நிகாஹுக்கு பத்து நாள் முன்னாடியே ரெடி பண்ணிடுங்க, வெள்ளிக்கிழமை போகாதீங்க, ஜும்ஆ கூட்டத்துல ஹஜ்ரத் கெடைக்க மாட்டார், செவ்வாய் புதன் அஸர் தொழுகைக்கு அப்புறம் போனா நிதானமா உக்காந்து பேசுவார்.